குடுவையிலிருந்து பைலட் பிளான்ட்டுக்கு: முதலில் வெப்பக் கணக்கு

1 லிட்டர் குடுவையில் ஒழுங்காக ஓடிய வினையை பைலட் பிளான்ட்டின் (பெரிய ஆலைக்கு முந்தைய சோதனை ஆலை) 1,000 லிட்டர் ரியாக்டருக்குக் (வினை நடக்கும் கலன்) கொண்டுபோகிறோம். வெப்பம் வெளிவிடும் வினை. எங்கே தொடங்குவது?

1. வெப்பத்தை அளவிடுங்கள். கலோரிமீட்டரில் பார்த்தால் கிலோவுக்கு 200 கிலோஜூல் வருகிறது என்று வைப்போம். கலவையின் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 2 கிலோஜூல் என்றால், குளிரூட்டல் நின்றுபோனால் வெப்பநிலை 100 டிகிரி ஏறும். 60 டிகிரியில் தொடங்கியது 160-க்குப் போகும். அங்கே என்ன நடக்கும்? கொதிக்குமா, சிதையுமா? இதற்குப் பதில் தெரியாமல் வரைபடத்தைத் தொடவே கூடாது.

ஃபுளோரிடாவில் டி2 லேபரட்டரீஸ் நிறுவனம் 1 லிட்டர் சோதனைகளை முடித்துவிட்டு, பைலட் பிளான்ட் இல்லாமல் நேரே சுமார் 9,300 லிட்டர் ரியாக்டருக்குப் போனது. 2007 டிசம்பர் 19 அன்று குளிரூட்டல் கைகொடுக்கவில்லை. வெப்பநிலை ஏறியபோது, அவர்கள் அறிந்திராத இரண்டாவது வினை கிளம்பி ரியாக்டர் வெடித்தது. 4 பேர் இறந்தார்கள்.

2. குளிரூட்டும் பரப்பைக் கணக்கிடுங்கள். அதே வடிவத்தில் கொள்ளளவை 1,000 மடங்காக்கினால் சுவரின் பரப்பு 100 மடங்குதான் கூடும். லிட்டருக்குக் கிடைக்கும் பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். நம் ரியாக்டரின் ஜாக்கெட் (சுவரைச் சுற்றியுள்ள குளிரூட்டும் உறை) 4 சதுர மீட்டர், வெப்பக் கடத்துகைக் கெழு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 300 வாட், வெப்பநிலை வித்தியாசம் 30 டிகிரி: மொத்தம் 36 கிலோவாட். 1,000 கிலோ கலவையின் வெப்பத்தை வெளியேற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும். அதே கணக்கில் குடுவைக்கு 9 நிமிடம் போதும்!

3. மூலப்பொருளை மெதுவாகச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. மேலே வந்த ஒன்றரை மணி நேரத்தை மூன்று மணி நேரமாக வைத்து டோசிங் பம்பை (மூலப்பொருளை அளந்து சேர்க்கும் பம்பு) தேர்வுசெய்வேன். ஆனால் ரியாக்டரை அளவுக்கு மீறிக் குளிர்வித்தால், சேர்த்தது வினைபுரியாமல் உள்ளே தேங்கிவிடும்; பிறகு ஒரேயடியாக வினைபுரிந்தால், எல்லாவற்றையும் கொட்டியது போலத்தான். மெதுவாகச் சேர்ப்பதைவிடத் தேங்காமல் சேர்ப்பதுதான் முக்கியம்.

4. கலக்கும் வேகம். லிட்டருக்கு அதே திறன் வேண்டுமென்றால், குடுவையின் 600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 600 சுற்று) இங்கே சுமார் 130 ஆகும். அப்போதும் இறக்கை நுனியின் வேகம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலேயே போகும். படிகங்கள் உள்ள கலவை என்றால் அவை உடையலாம், கவனியுங்கள்.

அப்புறம், ஆலைக்கு வாங்கப்போகும் மூலப்பொருளையே முன்கூட்டி ஆய்வகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

5. முதலில் வெறும் தண்ணீர். ரியாக்டரைத் தண்ணீரால் நிரப்பி, சூடாக்கி, ஆறவிட்டு நேரத்தைக் குறியுங்கள். கெழு 300-க்குப் பதில் 200 என்று வந்தால், ஒன்றரை மணி நேரம் இரண்டே கால் மணிக்கு மேல் போய்விடும். டோசிங் நேரத்தையும் அதற்கேற்ப நீட்டிய பிறகே ரசாயனத்தை உள்ளே விடுங்கள்.