வேற முகத்தோட ஒரு பிள்ளை உங்க வீட்டுல வளர வந்தா என்ன பண்ணணும்

நான் மிசோ. அம்மா மிசோரம் தலைநகர் ஐசால்காரங்க, டெல்லிக்கு வேலைக்கு வந்த இடத்துல அவங்களுக்கு உடம்பு ரொம்ப முடியாமப் போச்சு, என்னைப் பாத்துக்க ஆள் இல்ல, அப்படித்தான் ஏழு வயசுல முனிர்கால ஒரு தமிழ் வீட்டுக்கு வளர வந்தேன். இப்ப இங்க தெரிஞ்ச ரெண்டு மூணு தமிழ்க் குடும்பங்கள் வடகிழக்குப் பிள்ளைங்களை ஃபாஸ்டர் கேர்ல, அதாவது தத்து எடுக்காம வீட்டுல வெச்சு வளர்க்கற ஏற்பாட்டுல, எடுக்கறாங்க, எடுத்த கையோட என்கிட்ட வந்து எப்படி வளர்க்கறதுன்னு கேக்கறாங்க. அவங்ககிட்ட சொன்னதை இங்கயும் எழுதிடறேன்.

"நாங்க எந்த வித்தியாசமும் பாக்கல, நீ எங்க பொண்ணுதான்"னு சொல்லுவீங்க. பாசத்துலதான் சொல்றீங்க, ஆனா பிள்ளை காதுல அது "இதைப் பத்தி இங்க பேசாத"ன்னுதான் விழும். எட்டு வயசுல ஸ்கூல் பஸ்ல ஒரு பையன் ரெண்டு விரலால கண்ணை இழுத்துக் காட்டி என்னைக் கிண்டல் பண்ணினான், நான் வீட்டுல சொல்லவே இல்ல, ஏன்னா என் முகத்தைப் பத்தி அங்க யாரும் ஒரு வார்த்தை பேசினதில்ல, நானா ஆரம்பிச்சா என்னை வளர்த்த பெரியம்மா மனசு கஷ்டப்படும்னு நினைச்சுக்கிட்டேன். ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. அதனால நீங்க முதல்ல பேசிடுங்க, வந்த முதல் மாசமே, தலை வாரி விடும்போதோ சாப்பிடும்போதோ. உன் கண்ணு உன் அம்மா கண்ணு மாதிரி, வெளில சில பேர் கிண்டல் பண்ணுவாங்க, தப்பு அவங்களோடது, என்ன சொன்னாங்கன்னு அப்படியே எங்ககிட்ட வந்து சொல்லு, இவ்வளவு சொன்னாப் போதும். சிங்கி, மோமோ, 2020-ல கொரோனா, இந்த வார்த்தைங்க எல்லாம் எங்க காதுல விழுந்ததுதான், அதைக் கேட்டு நீங்க அதிர்ச்சி ஆயிட்டா அடுத்த தடவை பிள்ளை உங்ககிட்ட வராது. அதனால நீங்களே அந்த வார்த்தைங்களைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

எப்படிக் கூப்பிடணும்னு பிள்ளையையே கேளுங்க. என்னை எடுத்தவங்க முதல் நாளே, "உனக்கு அம்மா இருக்காங்க, என்னைப் பெரியம்மான்னு கூப்பிடு"ன்னு சொல்லிட்டாங்க, எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. மிசோல அம்மாவை 'நு'ன்னு சொல்லுவோம், அந்த வார்த்தை அந்த வீட்டுல அம்மாவுக்குன்னே இருந்துச்சு, வேற யாருக்கும் போகல. பேரை மட்டும் மாத்தாதீங்க, வாயில நுழையலன்னு லட்சுமி, பிரியான்னு வெச்சிடாதீங்க. எங்க ஊர்ல பொண்ணுங்க பேரு 'இ'ல முடியும், பசங்க பேரு 'ஆ'ல முடியும், பேரைச் சுருக்கினா அதுவே தொலைஞ்சு போகும். இன்னொண்ணு, எங்க ஆளுங்க பல பேருக்குக் குடும்பப் பேரே கிடையாது, உங்களுக்கும் இனிஷியல்தான், டெல்லி ஃபார்ம்ல சர்நேம் கட்டத்துக்கு முன்னாடி பெரியப்பாவும் நானும் ஒரே மாதிரி முழிச்சிட்டு நிப்போம், எனக்கு அது ரொம்பப் பிடிச்ச ஞாபகம்.

சாப்பாடு விஷயத்துல கொஞ்சம் மெனக்கெடுங்க. நீங்க முருங்கைக்காய் வாங்கப் போற ஐஎன்ஏ மார்க்கெட்டுலயே மூங்கில் குருத்து கிடைக்கும், ஹுமாயூன்பூர் கடைங்கள்ல பேகாங்னு நாங்க சொல்ற புளிக்க வெச்ச சோயாவும் ஸ்மோக் பண்ணின பன்னிக்கறியும் கிடைக்கும். எங்க பெரியம்மாவுக்கு அந்த சோயா வாசனை ஆகவே ஆகாது, ஆனா கருவாடு வறுக்கற வீடு அது, "என் கருவாட்டை நீ பொறுத்துக்கற, உன் பேகாங்கை நான் பொறுத்துக்கறேன்"னு சொல்லி ஜன்னலைத் திறந்து வெச்சிடுவாங்க. இது சின்ன விஷயம் இல்ல. 2007-ல டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்குன்னு போட்ட கையேட்டுல, வாசனை வர்ற சமையலை அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாம பண்ணுங்கன்னே எழுதியிருந்தாங்க. வெளில மூக்கைப் பொத்தறவங்க நிறைய பேர், வீட்டுக்குள்ளயும் பொத்தினா அந்தப் பிள்ளை எங்க போகும்? நீங்க சைவம்னா மாசத்துக்கு ஒரு தடவை வெளில கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுங்க, நீங்க சாப்பிடணும்னு இல்ல, எதிர்ல உக்காந்திருங்க.

சொந்தக்காரங்க பத்தி. கல்யாண வீட்டுல "இது யாரு, நேபாளியா?"ன்னு பிள்ளை முன்னாடியே கேப்பாங்க, பதிலை முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கோங்க. "எங்க வீட்டுப் பொண்ணு, மிசோரம்"னு சொல்லி அதோட நிறுத்திடுங்க. அம்மா ஏன் விட்டுட்டுப் போனாங்க, என்ன வியாதி, இதெல்லாம் அந்தப் பிள்ளையோட கதை, அதை எடுத்து மத்தவங்களுக்குச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல. "பெரிய புண்ணியம் பண்றீங்க"ன்னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு நிக்காதீங்க, பக்கத்துல நிக்கற பிள்ளைக்குத் தான் ஒரு தர்மகாரியம்னு அன்னிக்கே புரிஞ்சிடும், எனக்குப் புரிஞ்சுது.

ஸ்கூல்ல ஏதாவது நடந்தா விளையாட்டுன்னு விட்டுடாதீங்க. 2014 ஜனவரில லாஜ்பத் நகர்ல அருணாச்சலத்துப் பையன் நிடோ தானியாவோட தலைமுடியைக் கிண்டல் பண்ணினதுல சண்டை ஆரம்பிச்சு, அடி வாங்கி, அந்தப் பையன் செத்தே போயிட்டான். அதுக்கப்புறம்தான் வடகிழக்கு ஆளுங்களோட பிரச்சினையைப் பாக்க அரசாங்கம் பெஸ்பரூவா கமிட்டி போட்டாங்க, வடகிழக்கு வரலாறு பாடத்துல வரணும்னு அவங்களும் சொன்னாங்க, வடகிழக்கு ஆளுங்களுக்குன்னு டெல்லி போலீஸ் 1093 ஹெல்ப்லைன் வெச்சாங்க. டீச்சரைப் பாக்கப் போகும்போது தேதி, யார், என்ன சொன்னாங்கன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, அந்தப் பேப்பரை வெச்சிட்டு வாங்க. குழந்தைக்கு ஏதாவது ஆபத்துன்னா குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098.

சட்டம் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். 2015 ஜேஜே சட்டத்துல, அதாவது சிறார் நீதிச் சட்டத்துல, 44-ஆவது பிரிவுதான் ஃபாஸ்டர் கேர், குழந்தைகள் நலக் குழு ஆர்டர் போட்டுத்தான் பிள்ளை உங்க வீட்டுக்கு வரும், குழு மாசா மாசம் வந்து பாக்கணும்னும் அதுல இருக்கு. 2024-ல வந்த புது வழிகாட்டுதல்படி கல்யாணம் ஆகாதவங்க, கணவரை இழந்தவங்க, விவாகரத்து ஆனவங்களும் எடுக்கலாம். மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா உதவி உண்டு. குழுவோட ஆர்டர் ஜெராக்ஸ் ஒண்ணு எப்பவும் பையில இருக்கட்டும், ட்ரெயின்ல ஊருக்குப் போகும்போது "இந்தக் குழந்தை யாரோடது?"ன்னு கேப்பாங்க. ஒரு கோட்டைல டிக்கெட் கவுன்ட்டர்ல எனக்கு மட்டும் வெளிநாட்டு டிக்கெட் எடுக்கச் சொன்னாங்க, அன்னிலேர்ந்து பெரியப்பா என் ஆதாரையும் தன் பர்ஸ்லயே வெச்சுக்கிட்டார்.

பெத்தவங்க வந்து பாக்கறதை இந்தச் சட்டமே ஒத்துக்குது, குழந்தைக்கு நல்லதில்லன்னு குழு நினைச்சா மட்டும்தான் கிடையாது, பெத்தவங்க தயார்னு குழு முடிவு பண்ணினா பிள்ளை திரும்பியும் போகலாம். இதை முதல் நாளே மனசுல ஏத்திக்கோங்க. அம்மா வர்ற அன்னிக்கு சாப்பாடு போட்டுட்டு ஒரு ரூம்ல அவங்களை விட்டுடுங்க, அவங்க பாஷைல பேசட்டும், என்ன பேசினாங்கன்னு கேக்காதீங்க. நான் ஒன்பது வயசுல தமிழ்லயே கனவு காண ஆரம்பிச்சுட்டேன், நு வந்தப்ப எனக்கு மிசோ வார்த்தை தடுமாறுச்சு, அவங்க முகம் வாடினது இன்னும் கண்ணுலயே இருக்கு. அதுக்கப்புறம் பெரியம்மா ஒரு மிசோ அக்காவைப் பிடிச்சு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு என்னைக் கூட அனுப்பினாங்க, பெரியம்மா போறது மலை மந்திர்ங்கற முருகன் கோயிலுக்கு, ஆனா வாரா வாரம் எனக்கு ஆட்டோவுக்குக் காசு எடுத்து வெச்சிடுவாங்க. நீங்களும் அந்த மாதிரி ஒரு ஆளைத் தேடிப் பிடிங்க, பாஷை வீட்டுல ஒத்தையா நிக்காது.

அம்மா கிளம்பிப் போன ராத்திரி பிள்ளை எரிஞ்சு விழும், தட்டைத் தள்ளும், உங்களைப் பிடிக்கலன்னு கூடச் சொல்லும். சண்டை போடாதீங்க, ரெண்டு தோசை ஊத்தி மூடி வெச்சிட்டுப் படுங்க, பன்னெண்டு மணிக்கு எழுந்து சாப்பிடும். காலைல ஸ்கூலுக்கு லேட்டானாலும் பரவால்ல, தூங்க விடுங்க.