அடுத்தவர் ஐபியில் குடித்தனம்: சிறு ஐஎஸ்பி தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். கேபிள் டிவி குடும்பம். சி பிரிவு (சிறு பகுதிக்கான) ஐஎஸ்பி, அதாவது இணையச் சேவை நிறுவன லைசென்ஸ் கைக்கு வந்து நாலு மாதம், அதற்குள் 900 இணைப்பு. நெட்வொர்க் படத்தை மேசையில் விரித்தான். ஃபைபர், அதை வீடுகளுக்குப் பிரித்து விடும் ஓஎல்டி பெட்டி, ரூட்டர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. "பப்ளிக் ஐபி யாருது?" என்று, இணையத்தில் வெளியே தெரிகிற முகவரியைக் கேட்டேன். "அப்ஸ்ட்ரீம்காரங்களே ஃப்ரீயா குடுத்துட்டாங்கண்ணா, நாம எதுக்குத் தனியா வாங்கோணும்?" என்றான், இணையத்தை மொத்தமாகத் தரும் பெரிய நிறுவனத்தைச் சொல்லி. 2017இல் நான் சொன்ன அதே வாக்கியம். அன்றைக்கு ஒருத்தர் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார்; இப்போது என் முறை.

ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றுவது, பேக்கப் எடுப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் லைசென்ஸ் வரைக்கும் வந்திருக்க மாட்டார்.

அப்ஸ்ட்ரீம் கொடுத்த ஐபியைச் சொந்தம் என்று நினைப்பது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடங்கும்போது அப்ஸ்ட்ரீம் நிறுவனம் லிங்க்கோடு சேர்த்து ஒரு /25 கொடுத்தது, அதாவது 128 முகவரிகள். தனிக் கட்டணம் கிடையாது. ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத முகவரி கேட்ட வாடிக்கையாளர்களுக்கு அதிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். சிசிடிவி பார்க்கிற கடைக்காரர், வீட்டிலிருந்தே டாலி திறக்கிற மில் கணக்காளர், திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்று என்று 41 பேர் சேர்ந்தார்கள்.

2019 ஜூனில் அப்ஸ்ட்ரீம் விலையை ஏற்றியது. பக்கத்திலேயே குறைந்த விலைக்கு இன்னொருவர் லிங்க் தரத் தயாராக இருந்தார். மாறிவிடலாம் என்று கடிதம் கொடுத்தேன். லிங்க் துண்டிக்கப்படும் அன்றே முகவரிகளும் திரும்பிவிடும் என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அந்த வரி மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. நான் படிக்கவில்லை.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த /25 அவர்களுடைய பெரிய பிளாக்கின் ஒரு துண்டு. பதிவேட்டில் இருப்பது அவர்கள் பெயர். எந்த முகவரிக்கு எந்த வழி என்று நெட்வொர்க்குகள் பேசிக்கொள்ளும் பிஜிபியில் அதை உலகத்துக்கு அறிவிப்பதும் அவர்கள்தான். பெருந்தன்மையாக "எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லியிருந்தாலும் பயனில்லை. சாய்கோட்டுக்குப் பின் எண் ஏற ஏறத் துண்டு சிறிதாகும்; /24ஐ விடச் சின்னத் துண்டை மற்ற நெட்வொர்க்குகள் பெரும்பாலும் ஏற்பதே இல்லை. வாடகை வீட்டின் ஒரு அறையை மட்டும் பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்த கதை.

41 பேருக்கும் ஐபி மாற்ற வேண்டியதாயிற்று. கடைக்காரர்களுக்கு ஆளை அனுப்பி டிவிஆர் செட்டிங்கை மாற்றினோம். திருப்பூர் அலுவலகம்தான் கொன்றுவிட்டது. வெளிநாட்டு பையரின் சர்வர் அவர்களுடைய பழைய ஐபியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும். புது ஐபியை அங்கே சேர்க்க 19 நாள் ஆனது. அந்த 19 நாளும் பழைய லிங்க்கையும் புது லிங்க்கையும் சேர்த்து ஓட்டினேன், இரண்டு பில். அதன் பிறகும் அவர்கள் என்னிடம் நிற்கவில்லை.

இதிலும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் வந்த சின்ன ஐஎஸ்பிகளின் முகவரியைப் பாருங்கள், பலவும் 103 என்று தொடங்கும். காரணம் இது. 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பிலிருந்த ஐபிவி4, அதாவது இங்கே பேசும் பழைய வகை முகவரி, தீர்ந்தது. அதே வருஷம் ஏப்ரல் 15 அன்று, ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி பங்கிடும் ஏப்னிக்கிடம் கடைசித் தொகுதியான 103 மட்டும்தான் மிஞ்சியது. அடுத்து வருகிறவனுக்கும் கொஞ்சமாவது இருக்கட்டும் என்று, அதிலிருந்து ஒருவருக்கு அதிகபட்சம் /22, அதாவது 1024 முகவரிதான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். இந்தியாவில் 2012 முதல் இதைப் பங்கிடுவது, நிக்ஸி என்ற இந்திய இணையப் பரிமாற்ற அமைப்பு நடத்தும் ஐரின். 2019 பிப்ரவரி 28 முதல் அந்த உச்சவரம்பு /23 ஆனது. 512தான்.

2018இலேயே ஒரு மூத்த ஆபரேட்டர் என்னைக் கூப்பிட்டு, "ஐரின்ல மெம்பராகி /22 வாங்கிப் போடு" என்றார். இலவசமாக ஐபி வரும்போது மெம்பர் கட்டணம் தண்டம் என்று விட்டுவிட்டேன். 2019 ஜூனில் சூடுபட்டுக்கொண்டு ஓடியபோது கிடைத்தது 512. நாலே மாதத்தில் பாதி போனது. இன்றைக்கு, விட்டுப்போன அந்த இன்னொரு 512ஐ வெளியே வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முகவரிக்கும் டாலர் கணக்கில் எண்ண வேண்டும்.

அந்தத் தம்பியிடம் சொன்னது இதுதான். முதல் வாடிக்கையாளருக்கு ஸ்டேட்டிக் ஐபி கொடுப்பதற்கு முன்பே சொந்த பிளாக்கும் சொந்த ஏஎஸ் எண்ணும் (உன் நெட்வொர்க்கின் அடையாள எண்) வாங்கிவிடு. அதை அப்ஸ்ட்ரீம் வழியாக பிஜிபியில் அறிவி. நாளைக்கு இன்னொரு அப்ஸ்ட்ரீம் சேர்த்தால் உன் வாடிக்கையாளர் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. நெட்வொர்க்குகள் நேரடியாக இணையும் சென்னை நிக்ஸி எக்ஸ்சேஞ்சில் சேர வேண்டுமென்றாலும் ஏஎஸ் எண் இல்லாமல் நடக்காது. எல்லாவற்றுக்கும் மேல், விலை பேச உட்காரும்போது உன் குடுமி அவர்கள் கையில் இருக்காது.

512ஐத் தண்ணீராக விடுவது

சொந்தமாகக் கிடைத்ததும் ரூட்டருக்கு ரூட்டர் பப்ளிக் ஐபி போடுகிறார்கள். வேண்டாம். 128ஐ சிஜிநாட்டுக்கு, அதாவது ஒரு பப்ளிக் முகவரியைப் பல வீடுகள் பகிரும் முறைக்கு ஒதுக்கி, ஒரு முகவரிக்கு 64 வீடு வைத்தால் 8192 இணைப்பு தாங்கும். மீதி ஸ்டேட்டிக் கேட்பவர்களுக்கு, மாத வாடகையோடு.

உள்ளே போடும் முகவரிக்கு 100.64.0.0/10 என்று ஒரு தொகுதியையே இதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள். யாரும் பயன்படுத்தாதது என்று கண்ணில் பட்டதை எடுத்துப் போடாதீர்கள். அப்படி உள்ளே 1.1.1.1 போட்டு வைத்திருந்தவர்கள், 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் அதே முகவரியில், தளப் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் சேவை தொடங்கியதும், தங்கள் வாடிக்கையாளர்களால் அதைத் தொட முடியாமல் முழித்தார்கள்.

போர்ட் எண் இல்லாத லாக்

காவல் துறைக் கடிதத்தில் ஐபியும் நேரமும் இருக்கும். சிஜிநாட்டில் அந்த ஐபிக்குப் பின்னால் 64 வீடு. எந்த வீடு என்று பிரித்துக் காட்டுவது, ஒவ்வொரு இணைப்பும் பயன்படுத்தும் போர்ட் எண்தான். வீட்டுக்கு 1008 போர்ட் என்று நிலையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் லாக், அதாவது இணைப்புப் பதிவு, மலையாகக் குவியாது. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலத்தை 1 வருஷத்திலிருந்து 2 ஆக்கியது. ஹார்ட் டிஸ்க் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள். கடிதத்திலுள்ள நேரம் உலகப் பொது நேரமான யுடிசியா இந்திய நேரமா என்று கேட்காமல் பதில் எழுதவே எழுதாதீர்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பார்த்து, சம்பந்தமே இல்லாத ஒரு வாத்தியார் வீட்டைக் காட்டிக் கொடுக்கப் போனவன் நான். அனுப்புவதற்கு முன் என் டெக்னீஷியன் பார்த்துவிட்டான், பிழைத்தோம்.

ஐபிவி6இலும் கஞ்சத்தனம்

ஐபிவி4இல் பட்ட பஞ்சம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பஞ்சமில்லாத புது வகை முகவரியான ஐபிவி6இலும் ஒரு வீட்டுக்கு ஒரு /64 மட்டும் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரர் விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரிக்க நினைத்தால் வழியில்லை. ஐஎஸ்பிக்குக் கிடைப்பது குறைந்தது ஒரு /32. வீட்டுக்கு ஒரு /56 என்று கொடுத்தால் 1,67,77,216 வீட்டுக்கு வரும். ஆசிய-பசிபிக் முழுவதும் பங்கு போட்டுக்கொண்ட அந்த 103 தொகுதியில் இருந்த முகவரிகளின் எண்ணிக்கையும் சரியாக அதேதான். பொள்ளாச்சித் தாலுகாவில் அத்தனை வீடு இல்லை.

வாங்கி வைத்துவிட்டு ஆன் செய்யாமல் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஆர்ஓஏ

இந்த பிளாக்கை இந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம் என்று சொல்லும் டிஜிட்டல் சான்று இது. எதை அறிவிக்கிறீர்களோ அதற்கு மட்டும் போடுங்கள்.

பதிவேட்டில் ஊழியரின் சொந்த மெயில்

அவர் வேலையை விட்டுப் போவார். புகார் மெயில் அவரோடு போகும்.

விசாரிக்காமல் வாங்கும் பழைய பிளாக்

ஸ்பேம் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். எந்த நாட்டு முகவரி என்று தளங்கள் நினைக்கின்றன என்பதையும்தான். ஓடிடி திறக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் திட்டப்போவது உங்களை.

விண்ணப்பத்தில் பொய்க்கணக்கு

நிறைய எழுதினால் நிறையக் கிடைக்கும் என்ற நினைப்பு. உச்சவரம்பே 512 என்னும்போது ஊதிக் காட்டி என்ன ஆகப்போகிறது? கேள்விதான் கூடும், நாள்தான் இழுக்கும். போன வாரம் அந்தத் தம்பி விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினான். ஒரு வருஷத் திட்டம் என்ற இடத்தில் 20,000 இணைப்பு என்று எழுதியிருந்தான். "எத்தன ஓஎல்டி வெச்சிருக்கே?" என்றேன். "ரெண்டுங்கண்ணா." இரண்டுக்கும் எத்தனை வீடு தாங்கும் என்று அவனையே கூட்டச் சொன்னேன். கூட்டிப் பார்த்து, அழித்து, 2,000 என்று எழுதிக்கொண்டு போனான்.