பைக்குக்கு மழை உடை: நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறுகள்

செட்டிநாட்டில் மழைக்கோட்டுக்கு வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு வந்து சட்டென்று ஓய்ந்துபோகும் கோடைமழை. ஆவணி, புரட்டாசியில் சில இரவுகள். மற்ற நாளெல்லாம் அது வண்டியின் சீட்டுக்கு அடியிலோ பரணிலோ மடிந்து கிடக்கிறது. நல்ல உடைகள் பல கெட்டுப்போவது அப்படிக் கிடக்கும் காலத்தில்தான். ஆனாலும் முதல் தவறு கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

கடையில் எல்லாரும் துணியைக் கசக்கிப் பார்க்கிறார்கள். கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று முடிவாகிவிடுகிறது. விற்பவரும் ‘600 டெனியர்’ என்று சொல்லி வைப்பார். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். நூல் எவ்வளவு தடிமன் என்பதை அது சொல்லும். தண்ணீர் நிற்குமா என்பதைச் சொல்லாது. தண்ணீரை நிறுத்துவது உட்புறத்தில் இருக்கும் பூச்சு. அந்தப் பூச்சிலும் ஊசி குத்திய இடமெல்லாம் ஓட்டைதான். ஆகவே உடையை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, தையல் முழுவதும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தோளில் மட்டும் ஒட்டிவிட்டுத் தொடைகள் கூடும் இடத்தில் விட்டிருப்பார்கள். வண்டியில் உட்கார்ந்தால் மழைநீர் வழிந்து வந்து தேங்குவது அங்கேதான். உடல் எடையின் அழுத்தமும் அங்கேதான். நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி தைத்த பேன்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உடையில் தொங்கும் அட்டைச் சீட்டில் 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால், அந்தத் துணி கசியாமல் எவ்வளவு உயரமான நீர்க்கம்பத்தைத் தாங்கும் என்பது அதன் பொருள். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போய்வர முதல் எண் போதும். திருமயம் வழியாகப் புதுக்கோட்டை வரை காற்றை எதிர்த்து ஓட்டுகிறவர் இரண்டாவதை எடுப்பது நல்லது. எந்த எண்ணும் போடாமல் ‘வாட்டர்புரூஃப்’ என்று மட்டும் அச்சடித்திருப்பதை நான் நம்புவதில்லை.

காசு இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. கோர்டெக்ஸ் போன்ற, வியர்வை ஆவியை வெளியே விடும் சவ்வு வைத்த ஜாக்கெட்டுக்குப் பல ஆயிரம் கொடுக்கிறார்கள். உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே குளிர்ந்து உலர்ந்திருந்தால்தான் அந்தச் சவ்வு நன்றாக வேலை செய்யும். நம் ஊர் மழையில் வெளிக்காற்றே புழுங்குகிறது. ஆவி எங்கே போகும்? நமக்கு அதைவிட அக்குளிலும் முதுகிலும் மடிப்பு மூடிய காற்றுத் திறப்புகள் உள்ள எளிய உடையே மேல். நீர் புகாத அடுக்கை உள்ளே பொருத்திக்கொள்ளும் ஜாக்கெட்டும் திடீர் மழைக்கு ஒத்துவராது. புளியமரத்தடியில் நின்று கழற்றி, மாட்டி முடிப்பதற்குள் மேல்துணி நனைந்து கனத்துவிடும். இருக்கிற உடைக்கு மேலே ஷூவோடு மாட்டிக்கொள்ளும்படி காலில் நீளமான ஜிப் வைத்தது வாங்குங்கள். மெல்லிய மழைக்கோட்டு விழுந்தால் தோலைக் காக்காது. பாதுகாப்பு ஜாக்கெட் அணிகிறவர் அதன் மேல்தான் இதைப் போட வேண்டும்.

அளவை நின்றபடி பார்க்கக் கூடாது. கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். கைநுனி மணிக்கட்டுக்கு மேலே ஏறும், கால்நுனி கணுக்காலை விட்டு எழும்பும். ஒரு அளவு பெரியதாக எடுத்து, இடுப்பிலும் காலிலும் பட்டையால் இறுக்கிக்கொள்ளலாம். இறுக்காமல் விட்டால் சைலன்சரில் பட்டு உருகும். பேன்ட் ஷூவுக்கு வெளியே வர வேண்டும், உள்ளே செருகினால் ஷூ தண்ணீர்த் தொட்டிதான்.

வேட்டி கட்டுகிறவர்களுக்குத் தலைவழி மாட்டும் போர்வைக் கோட்டு வசதியாகத் தெரிகிறது. நடப்பதற்குச் சரி, வண்டிக்கு ஆகாது. காற்றில் பாய்போல விரியும், பின்சக்கரத்தில் சிக்கும். பின்னால் புடவையோடு உட்காருகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிப் போட்ட இளைஞர்கள் அம்மாவை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நிறத்திலும் இதே அழகு மோகம். மழை இருட்டில் கறுப்புக் கோட்டு லாரி ஓட்டுநரின் கண்ணில் படாது.

இனி வீட்டுக் கதை. பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் வேதிப் பிணைப்புகள் மெல்ல அறுந்துபோகின்றன. ஈரத்தோடு மடித்து, சித்திரை வெயிலில் சீட்டுக்கு அடியில் வைத்த கோட்டை ஐப்பசியில் பிரித்தால் உட்புறம் பிசுபிசுத்து, தோல் தோலாக உரிந்து வருவது அதனால்தான். பி.வி.சி. கோட்டோ வெயிலில் விறைத்து மடிப்பில் வெடிக்கும். சக்கரம் வாரியடித்த செம்மண்ணை அன்றே வெறும் தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்த மண் மடிப்பில் அரத்தைப் போல் தேய்க்கும். பிரஷ், இஸ்திரி, துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் வேண்டாம். மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். வளவுத் தாழ்வாரத்துக் கொடியில் இரு பக்கமும் காயவிட்டு, மடிக்காமல் அலமாரியில் தொங்கவிடுங்கள். வண்டியில் வைப்பதை மழை மாதங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீபாவளிக் கூட்டத்தில் அவசரமாக வாங்காமல் ஆவணியிலேயே வாங்கிவிடுவது நல்லது. அட்டைச் சீட்டைக் கிழிப்பதற்கு முன் பேன்ட்டின் உள்ளே, தொடைகள் கூடும் இடத்தில், செய்தித்தாளை விரித்து, வெளிப்பக்கம் குழியாக்கி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கால் மணி நேரத்தில் தாள் நனைந்திருந்தால் ரசீதோடு கடைக்குத் திரும்பக் கொண்டுபோகலாம்.