கிட்டார் அச்சும் வேலைப் பலகையும்

முதல் கிட்டார் செய்கிறீர்களா? வெளி அச்சையே எடுங்கள், அதாவது கிட்டார் உடலின் வடிவில் உள்ளே வெட்டிய சட்டம். வளைத்த பக்கப் பலகைகள் தம் போக்கில் விரியப் பார்க்கும். அச்சுக்குள் கிடந்தால் வடிவம் மாறாது. நான் 18 மி.மீ. பிளைவுட்டை அடுக்கி ஒட்டுவேன். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மட்டமாக இருக்கும், சரி. ஆனால் கனம், ஈரம் பட்டால் ஊதிவிடும், ஓரத்தில் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது.

வடிவத்தை முழுசாக வரையாதீர்கள். பாதி டெம்ப்ளேட் ஒன்றை வெட்டி, நடுக்கோட்டில் புரட்டிப் போட்டு மறுபாதியை வரையுங்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் அச்சு அசலாக இருக்கும். உள்சுவர் செங்குத்தா என்று மூலைமட்டம் வைத்துச் சுற்றிலும் பாருங்கள். இதில் அவசரமே கூடாது.

பிரேஸ் (பலகையின் உள்பக்கம் தாங்கும் மரக்குச்சி) ஒட்டக் குழிவான தட்டு வேண்டும்: ஸ்டீல் கம்பி கிட்டாரில் மேல்பலகைக்கு வழக்கமாக 25 அல்லது 28 அடி வளைவு ஆரம், பின்பலகைக்கு 15 அடி. ஸ்பானிய முறையில் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவதென்றால் பெரும்பாலும் சொலேரா, அதாவது கிட்டாரைக் கவிழ்த்து வைத்துக் கட்டும் வேலைப் பலகையே போதும். பசை வழியும் இடமெல்லாம் முன்பே மெழுகு தேய்த்துவிடுங்கள்.