பைபாஸா, பலூனா, காலை எடுப்பதா: ஆய்வுத் தாளைப் பிரித்துப் படிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் பெரியவருக்குக் காலில் புண் ஆறாமல் கிடந்து, ஆஸ்பத்திரியில் வாஸ்குலர் சர்ஜனை, அதாவது ரத்தக்குழாய் அறுவை நிபுணரைப் பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டால், அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸப் குழுவில் லிங்குகள் வந்து விழ ஆரம்பிக்கும். பைபாஸ் என்றால் அடைப்பைச் சுற்றி ரத்தம் போக, சிரை போன்ற ஒன்றை வைத்துத் தைத்து மாற்றுவழி போடுவது. பலூன் என்றால் குழாய்க்குள்ளேயே பலூனை ஊதி அடைப்பை விரிப்பது, அது மூடாமல் இருக்க வைக்கும் வலைக்குழாய்தான் ஸ்டென்ட். பைபாஸ்தான் நல்லதாம், அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒருவர் போடுவார். பைபாஸ் செய்துகொண்டவர்கள்தான் அதிகம் இறந்தார்களாம், இங்கிலாந்து ஆய்வு சொல்கிறது என்று இன்னொருவர் போடுவார். இருவர் சொல்வதும் உண்மைதான், இரண்டுமே ஒழுங்காகச் செய்த ஆய்வுகள். அப்புறம் ஏன் நேரெதிராக இருக்கின்றன என்று கேட்டால், பதில் முடிவுப் பகுதியில் இல்லை. யாரை ஆய்வில் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்காமல் விட்டார்கள், எதை நல்லது கெட்டது என்று எண்ணினார்கள் என்பதில் இருக்கிறது. அதைத் தேடிப் படிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்னாலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து மரத்துப்போய் வலி தாங்க முடியாமல் போனால் எந்த ஆய்வையும் திறக்காதீர்கள், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். திடீரென அடைபட்ட காலைக் காப்பாற்றச் சில மணி நேரம்தான் இருக்கும். சர்க்கரைப் புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே செய்யுங்கள். கீழே உள்ளதெல்லாம் சில நாளாவது யோசிக்க அவகாசம் இருப்பவர்களுக்கு.

தாளைத் திறந்ததும் சுருக்கத்தின் கடைசி வரிக்கு ஓடாமல், செய்முறை என்ற பகுதியில் யார் தகுதியானவர்கள் என்று எழுதியிருக்கும் பத்தியைப் படியுங்கள். பிறகு அட்டவணை 1. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது, எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேர் டயாலிசிஸில் இருந்தார்கள், எத்தனை பேர் புகைப்பவர்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவரை மனத்தில் நிறுத்திக்கொண்டு அந்த அட்டவணையை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அவரைப் போன்ற ஆள் அதில் இருந்தாரா? இல்லையென்றால் அந்தத் தாள் எவ்வளவு பெரிய பத்திரிகையில் வந்திருந்தாலும் அவருக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும்.

கால் விஷயத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் பிரிக்க வேண்டியது நோயின் நிலை. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் வலி போய்விடுகிறது என்பது ஒரு வகை. படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கிறது, அல்லது புண் ஆறவில்லை, விரல் கறுக்கிறது என்பது வேறு வகை. முதல் வகையில் காலை இழப்பவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு நடைப்பயிற்சி, புகையை நிறுத்துவது, மாத்திரை, இவைதான் முதலில். இரண்டாம் வகையில் காலும் உயிரும் இரண்டுமே ஆபத்தில். இந்த இரண்டு வகையையும் ஒன்றாகக் கலந்து எங்கள் ஸ்டென்ட் பிரமாதம் என்று எழுதும் தாள்கள் நிறைய வருகின்றன. முதல் வகை ஆட்கள் அதிகமாக இருந்தால் எந்த சிகிச்சையின் முடிவும் அழகாகத்தான் தெரியும். அப்படிக் கலந்த தாளைப் பார்த்தால் மூடி வையுங்கள்.

இதிலேயே நம்மவர்களுக்கு ஒரு சிக்கல். கணுக்காலில் பட்டி கட்டி அழுத்தம் எடுத்து, கை அழுத்தத்தோடு ஒப்பிட்டு ஒரு எண் சொல்வார்கள். நீண்ட காலச் சர்க்கரை இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும், பட்டி அதை அமுக்க முடியாது, அதனால் ரத்தம் போகாத காலுக்கும் எண் நன்றாக இருப்பதுபோல் வரும். அந்த எண்ணை மட்டும் வைத்து ஆட்களைச் சேர்த்த ஆய்வு, சர்க்கரைக்காரர்களில் மோசமான கால் உள்ளவர்கள் சிலரைத் தவறவிட்டிருக்கலாம். விரலில் உள்ள குழாய்கள் அவ்வளவாக இறுகுவதில்லை, அதனால் கால் கட்டைவிரலில் அழுத்தம் எடுத்தார்களா என்று பாருங்கள். டர்பனில் இந்தியர் குடும்பங்களில் சர்க்கரை எவ்வளவு அதிகம் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே இதைக் கிளினிக்கிலும் கேளுங்கள்.

சரி, வாட்ஸப்பில் வந்த அந்த இரண்டு ஆய்வுகளுக்கு வருவோம். கொஞ்சம் மெதுவாகப் பார்க்க வேண்டியவை.

முதலாவது பெஸ்ட்-சிஎல்ஐ. 2022இல் வெளியானது, 1830 பேர். பெரும்பாலோர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்தவர்கள், கொஞ்சம் பேர் ஃபின்லாந்து, இத்தாலி, நியூசிலாந்து. படுக்கை வலியோ புண்ணோ உள்ள கால்கள் மட்டும். பைபாஸுக்குப் பயன்படும் காலின் நீண்ட சிரை ஸ்கேனில் நன்றாக இருந்த 1434 பேரைத் தனியாகவும், அந்தச் சிரை சரியில்லாத 396 பேரைத் தனியாகவும் எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பைபாஸ் என்றும் பலூன் அல்லது ஸ்டென்ட் என்றும் பிரித்தார்கள். நல்ல சிரை இருந்தவர்களில், மரணமோ காலில் பெரிய பாதகமோ நேர்ந்தது பைபாஸ் பக்கம் 42.6%, பலூன் பக்கம் 57.4%. பெரிய வித்தியாசம். சிரை சரியில்லாதவர்களில் 42.8%, 47.7%, உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இரண்டாவது பேசில்-2. 2023, பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க், 345 பேர். முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களிலும் வேலை தேவைப்பட்டவர்கள். இங்கே காலை இழந்தோ இறந்தோ போனவர்கள் பைபாஸ் பக்கம் 63%, பலூன் பக்கம் 53%. நேர் தலைகீழ்.

இப்போது அந்தக் கூட்டு எண்ணைப் பிரித்துப் பாருங்கள், வாஸ்குலர் ஆய்வில் நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான வேலை இதுதான். மரணம், கால் இழப்பு, திரும்பவும் பெரிய அறுவை என்று பலவற்றை ஒரே கணக்கில் போட்டு ஒரு எண்ணாகக் கொடுப்பார்கள். பெஸ்ட்-சிஎல்ஐயில் நல்ல சிரை உள்ளவர்களைப் பிரித்தால், திரும்பவும் பெரிய அறுவை தேவைப்பட்டது பைபாஸ் பக்கம் 9.2%, பலூன் பக்கம் 23.5%. கணுக்காலுக்கு மேலே காலை எடுத்தது 10.4%, 14.9%. மரணம் 33.0%, 37.6%. ஆக, வித்தியாசத்தின் பெரும்பங்கு திரும்பத் திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதில் இருந்து வந்தது. பேசில்-2ஐப் பிரித்தால் கால் இழப்பு ஏறக்குறைய சமம், 20%, 18%. மரணம்தான் 53%, 45% என்று பிரிகிறது. ஒரு ஆய்வில் கணக்கைச் சாய்த்தது மறு அறுவை, இன்னொன்றில் மரணம். எது உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பெரிய விஷயம் என்று அவரிடமே கேட்க வேண்டும், தாள் அதைச் சொல்லாது. எண்பதை நெருங்குகிறவர், இதயமும் பலவீனம், வீட்டில் நிம்மதியாக இருந்தால் போதும் என்கிறவர் ஒருவர். ஐம்பத்தெட்டு வயதில் வேலைக்குத் திரும்ப வேண்டும், அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வேண்டும் என்று நிற்பவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் ஒரே விடை கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெஸ்ட்-சிஎல்ஐயில் சேர வேண்டுமானால் இந்த ஆளுக்கு இரண்டு சிகிச்சையுமே செய்யலாம் என்று டாக்டர்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அறுவையைத் தாங்கவே மாட்டார் என்று தோன்றியவரும், பலூன் போகவே வழியில்லை என்று தோன்றியவரும் குலுக்கலுக்கே வரவில்லை. உங்கள் சர்ஜன் இவருக்கு பைபாஸ் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அந்த 42.6% அவருடைய எண் அல்ல. அப்புறம், இரண்டு ஆய்விலும் ஆப்பிரிக்காவின் ஒரு மருத்துவமனைகூட இல்லை. இங்கே ரொம்பத் தாமதமாக, பாதி பாதம் கறுத்த பிறகு வருபவர்கள் எத்தனை பேர்! ஹெச்ஐவியோடு வரும் ரத்தக்குழாய் நோயைப் பற்றி டர்பன் சர்ஜன்கள் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். வயது குறைந்தவர்களுக்கு, வழக்கமில்லாத இடங்களில் குழாய் பலூன்போல் வீங்கும், சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில். அவர்களுக்கு அந்த அமெரிக்க, ஐரோப்பிய வயதானவர்களின் கணக்கை அப்படியே ஒட்டவைக்க முடியாது.

வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கும் இப்படித்தான். வீக்கத்தின் அகலம் 5.5 சென்டிமீட்டர் ஆகும் வரை அறுவை வேண்டாம், ஸ்கேன் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று சொல்வார்களே, அதன் அடிப்படை இரண்டு ஆய்வுகள். பிரிட்டனில் 60 முதல் 76 வயது வரையுள்ள 1090 பேரைச் சேர்த்து 1998இல் வந்தது ஒன்று. அமெரிக்காவில் 1136 பேர், கிட்டத்தட்ட எல்லாருமே ஆண்கள், முன்னாள் ராணுவத்தினர், 2002இல் வந்தது மற்றொன்று. அதனால் நோயாளி பெண் என்றால் இந்த எல்லை எனக்கும் பொருந்துமா என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. சில வழிகாட்டுதல்கள் பெண்களுக்கு 5 சென்டிமீட்டரிலிருந்தே யோசிக்கச் சொல்கின்றன.

எவ்வளவு காலம் வரை கணக்கெடுத்தார்கள் என்று பார்க்கவும் அந்த நோயிலேயே பழகலாம். இவார்-1 என்ற ஆய்வில், தொடை வழியாக உள்ளே குழாய் வைத்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தது 1.7%, வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 4.7%. அங்கேயே நிறுத்தினால் தீர்ப்பு தெளிவு. ஆனால் 2016இல் வந்த 15 ஆண்டுக் கணக்கில், 8 ஆண்டுக்குப் பிறகு திறந்து செய்தவர்கள்தான் குறைவாக இறந்தார்கள். 30 நாள் கணக்கை மட்டும் காட்டும் தாளை நம்பி எழுபது வயதுக்குக் கீழே உள்ள திடமான ஆளுக்கு முடிவெடுக்காதீர்கள். அதே குழுவின் இவார்-2 இதற்கு மறுபக்கம்: திறந்த அறுவையைத் தாங்க மாட்டாதவர்களுக்கு உள்ளே குழாய் வைப்பதா, ஒன்றும் செய்யாமல் விடுவதா என்று பார்த்தார்கள். குழாய் வைத்ததால் அவர்கள் மொத்தத்தில் கூடுதல் காலம் உயிர் வாழவில்லை. 2005இல் வந்த முதல் கணக்கில் 30 நாள் மரணமே 9%. சின்ன அறுவைதானே, பலவீனமானவருக்கு இதுதான் ஏற்றது என்று நாம் நினைப்பது இயல்பு, ஆனால் அந்த நினைப்புக்கு ஆய்வு துணை நிற்கவில்லை. சர்ஜன் வேண்டாம் என்று சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று கோபப்படும் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயின் அடைப்புக்கு, கழித்துப் பார்க்கும் கணக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். 1991இல் வந்த நாசெட் ஆய்வில், ஏற்கெனவே லேசான பக்கவாத அறிகுறி வந்து 70%க்கு மேல் அடைப்பும் இருந்தவர்களில், 2 ஆண்டுக்குள் அந்தப் பக்கத்தில் பக்கவாதம் வந்தது மருந்து மட்டும் என்றால் 26%, அறுவை என்றால் 9%. கழித்தால் 17, நூறு பேரில் 17 பேர். அதாவது ஏறக்குறைய 6 பேருக்கு அறுவை செய்தால் ஒருவருக்குப் பக்கவாதம் தடுக்கப்படுகிறது. அறிகுறியே இல்லாதவர்களுக்கான 1995 ஏகாஸ் ஆய்வில் 5 ஆண்டுக்கு 11%, 5.1%. கழித்தால் ஆறுக்குச் சற்றுக் கீழே, அப்படியானால் ஒருவருக்குப் பலன் கிடைக்க சுமார் 17 பேரைக் கத்திக்குக் கீழே படுக்கவைக்க வேண்டும். விளம்பரத்தில் பாதியாகக் குறைகிறது என்று போடுவார்கள், அதுவும் பொய்யில்லை, ஆனாலும் கழித்துப் பார்த்தால்தான் மனசுக்கு அளவு பிடிபடும். மருந்துகளும் அந்தக் காலத்தைவிட இப்போது நிறைய முன்னேறிவிட்டன. தவிர, நாசெட்டில் நோயாளிகளை மட்டுமல்ல, சர்ஜன்களையும் தேர்ந்தெடுத்துத்தான் சேர்த்தார்கள்: தங்கள் முந்தைய அறுவைகளில் பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 6%க்குக் குறைவாக இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. எனவே உங்கள் சர்ஜனின் சொந்தக் கணக்கு என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அறிகுறி வந்தவருக்கு 2 வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம் என்பதால், எத்தனை நாளில் செய்வீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதிய தாள்களும் உண்டு. அவற்றில் யாருக்கு எது என்று குலுக்கல் முடிவு செய்யவில்லை, டாக்டரின் கண் முடிவு செய்தது. திடமானவர்களுக்கு பைபாஸ், நோஞ்சானுக்கு பலூன் என்று போயிருந்தால் பைபாஸ் ஜெயித்ததுபோல்தான் தெரியும். தொடர்ந்து வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணையும் தேடுங்கள். டர்பன் இருக்கும் மாகாணமான குவாசூலு-நடாலின் மறுகோடியிலிருந்து பஸ் ஏறி வருபவர் ஆறு மாதத்துக்குப் பிறகு வரவில்லை என்றால் நலமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை, வேறு ஊரில் காலை எடுத்திருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். குழாய் திறந்திருந்தது என்று மட்டும் சொல்லி, புண் ஆறியதா, நடந்தாரா என்று சொல்லாத தாள் எனக்குத் திருப்தி தருவதில்லை.

நம் மண்ணுக்கு ஒரு தாளைக் கட்டாயம் பாருங்கள். ஆப்பிரிக்க அறுவை விளைவுகள் ஆய்வு, 2018, 25 நாடுகள், 11,422 பேர், எல்லாவகை அறுவைகளும். நோயாளிகள் வயதில் இளையவர்கள், ஆபத்துக் குறைந்தவர்கள், அப்படியிருந்தும் உலகச் சராசரியைப்போல் இரண்டு மடங்கு மரணம். பெரும்பாலோர் இறந்தது அறுவை நடந்த நாளுக்குப் பிறகுதான். அதனால் கிளினிக்கில் உட்காரும்போது தியேட்டரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். முதல் மூன்று ராத்திரி எந்த வார்டில் இருப்பார், ரத்த அழுத்தத்தையும் காலின் துடிப்பையும் எத்தனை மணிக்கொருமுறை பார்ப்பார்கள், ஐசியூ படுக்கை கிடைக்குமா என்று கேளுங்கள். மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு உள்ளவர்களும் இதைக் கேட்க வேண்டும், தனியார் என்பதாலேயே ராத்திரிக் கவனிப்பு தானாக வந்துவிடாது.

கூடவே புண்ணின் ஆழம், ரத்த ஓட்டம், கிருமி இந்த மூன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் விஃபி என்ற அளவீட்டில் இந்தக் கால் எங்கே நிற்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிரை ஸ்கேன் எடுத்தாயிற்றா, சிரை நன்றாக இருக்கிறதா என்பதையும். இந்த நான்கு தகவலும் கையில் இருந்தால் எந்தத் தாளின் அட்டவணை 1ஓடும் ஒப்பிடலாம். தாள்களைத் தேட, மருத்துவ ஆய்வுகளின் இணையப் பட்டியலான பப்மெட் போதும், சுருக்கம் எல்லாமே இலவசம். தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் வருவதை முழுசாகவே காசில்லாமல் படிக்கலாம். இரண்டு மூன்று தாளுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், எந்த வரியைப் பற்றிக் கேட்கப் போகிறீர்களோ அதன் கீழே கோடு போட்டுக் கொண்டுபோங்கள், பெரியவரையும் பக்கத்திலேயே உட்காரவையுங்கள்.