உள்நுழைய முடிகிறது, கோப்புப் பட்டியல் வரவில்லை: பாசிவ் எஃப்டிபி இணைப்பைச் சரிசெய்யும் முறை

சிங்கப்பூரின் தேக்காவில் அச்சகம் நடத்தும் ஒருவர், சென்னையிலுள்ள வடிவமைப்பாளரிடமிருந்து பெரிய கோப்புகளைப் பெறுவதற்காகத் தம் கடையிலேயே எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற நெறிமுறை) சர்வர் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, ஆனால் கோப்புப் பட்டியல் வராமல் இணைப்பு அப்படியே நின்று, சற்று நேரத்தில் அறுந்துவிடுகிறது. இந்நிலையில் கடவுச்சொல்லையோ கோப்புறை அனுமதிகளையோ மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. எஃப்டிபி, கட்டளைகளுக்கு ஓர் இணைப்பையும் தரவுக்கு வேறோர் இணைப்பையும் பயன்படுத்துகிறது. பாசிவ் முறையில், இரண்டாவது இணைப்புக்கான முகவரியையும் போர்ட்டையும் (கணினிக்குள் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாயில்) சர்வர் சொல்ல, எதிர்முனை அதை நாடுகிறது. 21ஆம் போர்ட்டில் முதலாவது ஒழுங்காக இயங்க, இரண்டாவதுதான் வழியில் தடைபடுகிறது.

எங்கே தடைபடுகிறது என்பதை, வடிவமைப்பாளரின் மென்பொருள் காட்டும் பதிவில் 227 என்று தொடங்கும் வரியே சொல்லிவிடும். அதில் (192,168,1,20,195,149) என்று இருந்தால், முதல் நான்கு எண்கள் முகவரி. ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் கிடைக்கும் 50069 என்பது போர்ட். 192.168 என்று தொடங்கும் முகவரி கடைக்குள் மட்டுமே செல்லும் என்பதால், சர்வர் அமைப்பில் பாசிவ் முறைக்கான வெளி முகவரியாகக் கடையின் பொது ஐபி முகவரியைக் குறிப்பிட வேண்டும். ஃபைல்ஸில்லா போன்ற மென்பொருள்கள் இத்தவற்றைக் கண்டறிந்து தாமாகவே பொது முகவரியை நாடக்கூடும். ஒருவருக்கு வேலை செய்வது மற்றவருக்குச் செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முகவரி சரியாக இருந்தும் பட்டியல் வராவிட்டால் போர்ட்டைக் கவனியுங்கள். பாசிவ் போர்ட்டுகளை, எடுத்துக்காட்டாக 50000 முதல் 50100 வரை என்று சர்வரில் வரையறுத்து, அதே எல்லையை ரூட்டரின் போர்ட் ஃபார்வர்டிங்கிலும் (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்கு அனுப்பும் அமைப்பு) கணினியின் ஃபயர்வாலிலும் திறந்துவிட வேண்டும்.

சிங்கப்பூரில் இணையச் சேவை நிறுவனம் தரும் ரூட்டருக்குப் பின்னால் சொந்த ரூட்டரையும் பொருத்துவோர் உண்டு. சொந்த ரூட்டரின் வெளிப்பக்க முகவரியே 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், பெரும்பாலும் இரண்டு ரூட்டர்களும் முகவரி மாற்றம் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுதல், NAT) செய்கின்றன என்று பொருள். முதல் ரூட்டரை பிரிட்ஜ் முறைக்கு (முகவரியை மாற்றாமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறை) மாற்றுவதே தெளிவான வழி. அந்த முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எல்லைக்குள் இருந்தால், முகவரி மாற்றம் நிறுவனத்தின் பக்கமே நடக்கிறது. பொது முகவரி ஒன்றைக் கேட்டுப் பெறாமல் ரூட்டரில் எதை மாற்றியும் பலனிருக்காது.

குறியாக்கம் இல்லாதவரை இயங்கிய இணைப்பு, டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் நெறிமுறை) சேர்த்ததும் நின்றுபோவதும் உண்டு. அதுவரை ரூட்டரே 227 வரியைப் படித்து, முகவரியைத் திருத்தி, போர்ட்டைத் திறந்துகொடுத்திருக்கும். குறியாக்கம் வந்தபின் அதனால் அவ்வரியைப் படிக்க முடியாது. அதற்காக டிஎல்எஸ்ஸை நீக்கிவிடாதீர்கள்: நீக்கினால் வாடிக்கையாளரின் கடவுச்சொல் எவரும் படிக்கக்கூடிய வடிவில் பயணிக்கும். மேலே கூறிய முகவரியையும் போர்ட் எல்லையையும் சரியாக அமைத்தாலே போதும்.

சோதனையைக் கடையின் வைஃபையில் செய்யாமல், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாகச் செய்யுங்கள். உள்ளிருந்தே தன் பொது முகவரிக்கு வரும் இணைப்பைச் சில ரூட்டர்கள் திருப்பிவிடுவதில்லை. விண்டோஸுடன் வரும் கட்டளைவரி எஃப்டிபி நிரலுக்கு பாசிவ் முறையே தெரியாது. ஆகவே அதைக்கொண்டு சோதிக்க வேண்டாம்.