ஜன்னலோரத்தில் மினியேச்சர் ரோஜா: தொட்டி வாங்கியது முதல் அடுத்த மொட்டு வரை

மினியேச்சர் ரோஜாவைப் பூங்கொத்து மாதிரி நினைத்து வாங்கி, பூ உதிர்ந்ததும் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். உருவத்தில்தான் அது குட்டி. வெயில் என்று வந்துவிட்டால் தோட்டத்து ரோஜாவுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. வரவேற்பறை மேசை அழகாக இருக்கலாம், செடிக்கு அது இருட்டறை.

முதலில் இடம்

வீட்டில் எந்த ஜன்னலில் வெயில் அதிக நேரம் விழுகிறது என்று பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அந்த வசதி இல்லையா, செடி வளர்ப்பதற்கான எல்இடி விளக்கை உச்சியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டி, தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். தண்டு மெலிந்து நீண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இதற்கு உரம் மருந்தாகாது.

அப்புறம் தொட்டி

சுற்றியிருக்கும் பளபளப்புத் தாளை முதல் வேலையாகக் கழற்றுங்கள். அதற்குள் தண்ணீர் தேங்கித்தான் பல செடிகளின் வேர் அழுகுகிறது. மண்ணருகே தண்டுகளை விலக்கிப் பாருங்கள். ஒரே செடி போலத் தெரிவது பெரும்பாலும் நெருக்கமாக நட்டு வேர்விட்ட மூன்று நான்கு குச்சிகளாக இருக்கும். நெருக்கத்தில் காற்று நுழையாது, இலையில் வெள்ளை மாவு போலப் படியும் சாம்பல் நோய் எளிதாகத் தொற்றும். ஆனாலும் வந்த அன்றே பிரிக்க வேண்டாம். புது இடத்துக்குப் பழகும்போது சில இலைகள் மஞ்சளாகி உதிரும், பயப்பட வேண்டியதில்லை. முதல் சுற்றுப் பூ முடிந்ததும் நன்றாகத் தண்ணீர் விட்டு, வேர்களை மெதுவாகப் பிரித்து, அடியில் துளையுள்ள தனித்தனித் தொட்டிகளில் நடுங்கள். இரண்டு பங்கு மண்கலவைக்கு ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளை நிறக் குறுமணிகள்) போதும்.

தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

செம்பேன்: உண்மையான எதிரி

வீட்டுக்குள் காற்று உலர்ந்திருக்கும், மழை நனைக்காது. இலைச் சாற்றை உறிஞ்சும், சிலந்தி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிரான செம்பேனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இலைக்கடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில மெல்ல நகர்ந்தால், சரி, வந்துவிட்டது. நூலாம்படை கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் பாதி இலை போய்விடும்.

செடியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோய், சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடிப்புறத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மூன்று நாளுக்கொரு முறை, இரண்டு வாரம். முட்டைகள் பொரிந்துகொண்டே இருப்பதால் ஒரு முறையோடு நிறுத்தினால் பலனில்லை. காலையில் செய்தால் இலை சீக்கிரம் உலரும். அடங்கவில்லையென்றால் வேப்பெண்ணெய்க் கரைசலை, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம்.

பூ வாடியதும் கத்தரி

வாடிய பூவின் கீழே தண்டோடு விரலை ஓட்டுங்கள். முதலில் மூன்று சிற்றிலைகள் கொண்ட இலை வரும். அதைத் தாண்டி ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்த இலை முளைத்த கணு செடியின் வெளிப்பக்கம் பார்த்திருந்தால் நல்லது; புதுக் கிளை வெளியே போகும், நடுவில் காற்றோட்டம் இருக்கும்.

துளிர் வந்ததும் திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈர மண்ணில் விடுங்கள். மாற்றி நட்ட செடிக்கு ஒரு மாதம் உரமே வேண்டாம். வெளிச்சம் சரியாக இருந்தால், வெட்டிய இடத்திலிருந்து அடுத்த பூ விரியச் சுமார் ஆறு வாரம் பிடிக்கும்.